ஆதரவில்லை என்று எழுதிக் கொடுத்தோம்

"ஆதரவற்ற விதவைதானேக்கா?"

இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண், என் முகத்தைக்கூடப் பார்க்காமல் கேட்டாள். எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். "இல்லை" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் நிமிர்ந்தாள்.

"அப்புறம் எதுக்குக்கா வந்தீங்க?"

அதற்குத்தான் வந்திருந்தேன். ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சத்துணவு அமைப்பாளர் எடுக்கிறார்கள், அதில் ஆதரவற்ற விதவைகளுக்கு முன்னுரிமை என்று கேள்விப்பட்டு, புருஷனின் இறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். ஆனால் அந்த இரண்டு சொற்களையும் ஒருத்தி சத்தமாக, அதுவும் வரிசையில் ஆள் நிற்கும்போது கேட்டதும், எனக்குள் இருக்கிற முசுடு எழுந்துகொண்டது.

"'கணவர் இறந்தவர்'னு மட்டும் போட முடியாதாம்மா?"

"அப்படி ஒரு சர்ட்டிபிகேட்டே இல்லக்கா. இதுல இருக்கறதுதான்." திரையை என் பக்கம் திருப்பினாள். கைவிடப்பட்டவர், ஆதரவற்ற விதவை, இன்னும் ஏதேதோ. எதைக் கட்டினால் கொஞ்சம் தேவலை என்று புடவைக் கடையில் நிற்பவள் போல அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து ஒரு பெரியவர், "எதுனா ஒண்ண சொல்லும்மா, வெயிலாவுது" என்றார்.

"ஆதரவற்ற விதவை" என்றேன். அவள் ஒரு தட்டு தட்டினாள். முடிந்தது.

நான் சொற்களுக்காகச் சண்டை பிடிக்கிறவள். என் ஊரான தாமலிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி ஏனாத்தூர்ப் பக்கம் கல்லூரிக்குப் போய்த் தமிழ் படித்தவள் என்பதால் வந்த வியாதி என்று என் புருஷன் கேலி செய்வார். கல்யாணமாகிக் காஞ்சிபுரத்தில் நெசவு வீட்டுக்கு வந்தேன். எட்டு வருஷம் வாழ்ந்தோம். பிள்ளை இல்லை. காமாலை வந்து மூன்றே வாரத்தில் அவர் போய்விட்டார். அதற்கப்புறம் எனக்கு என்னென்ன பெயர் வைத்தார்களோ, அதில் ஒன்றைக்கூட யாரும் என்னைக் கேட்டுவிட்டு வைக்கவில்லை. வீட்டில் மிஞ்சியது நானும் அவருடைய அம்மாவும். அத்தையும் இளம் வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவர். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் அத்தை என்னைக் கூப்பிட்டு, "குழியில எறங்குடி, பாவு காத்துக்கினு இருக்குது" என்றார். தறிக் குழியில் இறங்கினேன். நெய்யாத பாவு நூல் தறியில் அப்படியே நீண்டு கிடந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

கோர்வைச் சேலையைத் தனியாளாக நெய்வது ஆகாத காரியம். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். குழியில் இருப்பவர் உடலுக்கான நூல் சுற்றிய நாடாவைத் தள்ள வேண்டும். பக்கத்தில் இருப்பவர் அதே நேரத்தில் கரைக்கான நாடாவைத் தள்ள வேண்டும். இரண்டு நூலும் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொண்டு திரும்பினால்தான் கரை உடலோடு நிற்கும். அப்படி நாங்கள் இருவரும் ஆறு வருஷமாக மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நெய்தது பெரும்பாலும் முகூர்த்தப் பட்டு. கல்யாண வீட்டார் சிலர் சென்னையிலிருந்து காரில் வந்து, தங்கள் சேலை தறியில் ஓடுவதைப் படம் பிடிப்பார்கள். எங்களுக்குப் பாவு கொடுக்கிற பட்டு முதலாளி அதற்கு முன்னாலேயே போன் செய்துவிடுவார். "வூட்டுக்காரர் எங்கன்னு கேட்டா வெளிய போயிருக்கார்னு சொல்லும்மா. ரெண்டு பேரும் பொட்டு வெச்சிக்குங்க." அப்படியே சொல்வோம். ஆறு வருஷமாக என் புருஷன் வெளியே போயிருக்கிறார். அத்தையின் புருஷன் முப்பத்தைந்து வருஷமாக. அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு மணவறையில் உட்காரப்போகிற பெண்ணிடம் உண்மையைச் சொன்னால் சேலை தீட்டாகிவிடுமாம். நெய்த கை தீட்டில்லை, சொல்கிற வாய்தான் தீட்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சத்துணவு வேலைக்கு நான் ஆசைப்பட்டதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அமைப்பாளரை 'சத்துணவு டீச்சர்' என்று கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறேன். செத்துப்போன ஒருவரை வைத்துக் கூப்பிடாத ஒரு பெயர் எனக்கு வேண்டியிருந்தது. காலையில் எழுந்து, தலை சீவி, ஒரு பையை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்து போக வேண்டும். போகிற இடத்தில் எனக்கென்று ஒரு நாற்காலி இருக்க வேண்டும். அத்தையிடம் சொன்னபோது தயங்குவார் என்று நினைத்தேன். நான் போனால் அவருக்குக் கோர்வைக்கு ஆள் கிடையாது. "போடி, நல்லதுதான். ஒத்தக் கரை பாவா வாங்கிக்கிறேன், தனியாவே நெய்யலாம்" என்றார். அதற்கு மேல் அவர் யோசித்ததாகவே தெரியவில்லை.

சிக்கல் பிறகுதான் தெரிந்தது. இ-சேவைப் பெண் நல்லவள். விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு மெதுவாகச் சொன்னாள். "விசாரணைக்கு வருவாங்கக்கா. மாமியார் வூட்டுல ஒண்ணா இருக்கேன்னு சொன்னீங்கன்னா ரிஜெக்ட்தான். ஆதரவு இருக்குதுன்னு ஆயிடும். தனியா இருக்கறதா காட்டுங்க. மாமியாரே 'நான் பாத்துக்கறது இல்ல'ன்னு சொல்லிட்டா பிரச்சனையே இல்ல. அண்ணன் தம்பி இருந்தா அவங்களும்."

எனக்குத் தாமலில் ஒரு அண்ணன் இருக்கிறான். போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "அதுக்கென்னா, எழுதிக்கோ. தங்கச்சிய நான் பாத்துக்கறது இல்லன்னு எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன்" என்றான் உற்சாகமாக. அந்தக் கோப்பிலேயே உண்மையான வாக்கியம் அது ஒன்றுதான்.

மாமியார் விஷயம்தான் பெரும்பாடாக இருந்தது. தறியில் உட்கார்ந்தபடியே ஒத்திகை பார்த்தோம்.

"சொல்லுங்க அத்தை."

"இவள நான் பாத்துக்கறது இல்லீங்க. பாவம்."

"பாவம்னு சொல்லக் கூடாது."

"சரி. இவள நான் பாத்துக்கறது இல்லீங்க." நாடாவைத் தள்ளினார். ஒரு வினாடி கழித்து, தனக்குள் சொல்வது போல, "பாவம்" என்றார்.

"கொஞ்சம் கோவமா சொல்லுங்க அத்தை. என் மேல நீங்க கோவப்பட்டதே இல்லையா?"

"எதுக்கு?"

"போன வாரம் பாவு அறுந்தப்போ கத்தினீங்களே."

"அது பாவுக்குடி."

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த அம்மாளின் நல்ல குணத்தால் என் வேலை போகப்போகிறது என்று உண்மையாகவே அவர் மேல் கோபப்பட்டேன். அப்படியும் ஒரு கோபம் மனுஷிக்கு வரும்.

பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பம். அந்த வீட்டு அம்மாள் அத்தையை 'வதினா' என்றுதான் கூப்பிடுவாள். அண்ணி என்று அர்த்தம். அவர்கள் வீட்டுப் பின்கட்டு அறையில் நான் குடியிருப்பதாகக் காட்ட ஏற்பாடு. என் டிரங்குப் பெட்டி, பாய், பல் தேய்க்கும் பிரஷ், ஒரு சின்ன ஸ்டவ் எல்லாம் அங்கே போயின. ஆதாரில் முகவரியையும் மாற்றியாயிற்று. என் செருப்பைக்கூட அத்தை ஞாபகமாக எடுத்து அந்த வாசலில் போட்டுவிட்டு வந்தார். சுவரில் மாட்டியிருந்த எங்கள் கல்யாணப் போட்டோவைக் கழற்றலாமா என்று நான் கேட்டதற்கு, "அது எம் புள்ள, இருக்கட்டும். உன் மூஞ்சி மேல வேணும்னா காலண்டர மாட்டிடறேன்" என்றார். மாட்டினார். காலண்டருக்கு மேலே என் நெற்றியும் கொண்டைப் பூவும் தெரிந்தன.

ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி இருக்கும். இருவரும் தறியில் இருந்தபோது போன் வந்தது. விசாரணை அதிகாரி தெருமுனைக்கே வந்துவிட்டாராம். நான் குழியிலிருந்து துள்ளி ஏறி, புழக்கடை வழியாகப் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். ஐந்து நிமிஷத்தில் என்னையும் பக்கத்து வீட்டு அம்மாளையும் அதிகாரி அத்தை வீட்டுக்கே கூப்பிட்டார். அங்கேதான் மின்விசிறி இருந்தது. தறிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், களைத்த முகம், மடியில் கோப்பு.

"நீங்கதான் மாமியாரா? இவங்க உங்க கூட இல்லையா?"

"இல்லீங்க. இவள நான் பாத்துக்கறது இல்லீங்க." நல்ல வேளையாகப் பாவம் வரவில்லை.

"ஏன்?"

அதை நாங்கள் ஒத்திகை பார்க்கவில்லை. ஏன் என்று ஒருவர் கேட்பார் என்று எனக்கு ஏனோ தோன்றவே இல்லை. அத்தை என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"எம் புள்ளைய முழுங்கினவளுக்கு நான் எதுக்குங்க சோறு போடணும்? இவ காலெடுத்து வெச்சா, என் வூட்டு வௌக்கு அணைஞ்சுது. இவ மூஞ்சியில முழிச்சா அன்னிக்கு எனக்குத் தறி ஓடாது. எங்கனா போய்ச் சாவட்டும்."

பக்கத்து வீட்டு அம்மாள் வாயில் கை வைத்தாள். பதினாலு வருஷத்தில் நான் கேட்காத குரல் அது. நடிப்பு என்று தெரியும், நான்தான் நடிக்கச் சொன்னேன் என்றும் தெரியும்; ஆனாலும் அந்த வார்த்தைகள் தடுமாறாமல், வழவழவென்று, நெடுநாள் புழங்கிய பாத்திரம் மாதிரி வந்து விழுந்தன. இது எத்தனை காலமாக இந்த அம்மாள் வாய்க்குள் இருந்தது?

அதிகாரி தலையாட்டிக்கொண்டே எழுத ஆரம்பித்தவர், சட்டென்று நிறுத்தித் தறியைப் பார்த்தார். பச்சை உடல், அரக்குக் கரை. முக்கால் பாகம் ஓடியிருந்தது.

"கோர்வையா?"

"ஆமாங்க" என்றார் அத்தை. குரலில் கொஞ்சம் பெருமை வேறு.

"கரை நல்லா நிக்குது. நானும் தறி வூட்டுப் புள்ளதாம்மா." பேனாவை மூடினார். "ஆமா, தனியா இருக்கறேன்னீங்க. பக்கத்துல யார் உக்காருறது?"

பிரஷ்ஷை ஒளித்தோம், செருப்பை ஒளித்தோம், என் முகத்தின் மேல் காலண்டர் மாட்டினோம். வீட்டின் நட்டநடுவில் எட்டடி நீளத்துக்கு இரண்டு பேர் வேலை நீட்டிக்கொண்டிருப்பது எங்கள் யார் கண்ணுக்கும் படவில்லை. வேறு தெருவிலிருந்து ஒருவர் வந்திருந்தால் அவருக்கும் பட்டிருக்காது. தறி வீட்டுப் பிள்ளையாக வந்து தொலைத்தார்.

"நான்தாங்க உக்காருவேன்" என்று பக்கத்து வீட்டு அம்மாள் முன்னால் வந்தாள். அவள் கையெல்லாம் இட்லி மாவு. அதிகாரி அவளைப் பார்க்கவில்லை. என் முந்தானையைப் பார்த்தார். குனிந்து பார்த்தேன். பச்சைப் பட்டு நூல் துணுக்குகள் நாலைந்து ஒட்டிக்கொண்டிருந்தன.

என் நாற்காலி, என் பை, நான் நடந்து போக வேண்டிய தெரு எல்லாம் அதோடு போயிற்று என்றே நினைத்தேன்.

"சரி" என்றார். திட்டவில்லை. "தறி ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க. நான் பாக்கல. ஆனா மேல போனா கேள்வி வரக் கூடாது. அதுக்கு வாக்குமூலம் கெட்டியா இருக்கணும். அந்தம்மா சொன்னதையே எழுதிக்கறேன்." எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டினார். "'மனுதாரர் என் மகனை விழுங்கியவர் என்பதால் அவருக்கு உணவோ உறைவிடமோ அளிக்க எனக்கு விருப்பமில்லை. அவரை நான் முற்றிலும் கைவிட்டுவிட்டேன்.'" மரியாதையாக எழுதியிருந்தார். விழுங்கியவர்.

கீழே நான் கையெழுத்துப் போட்டேன். யோசிக்கவே இல்லை. பேனாவை அத்தையிடம் நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு தாளையே பார்த்தபடி இருந்தார்.

"சார், அந்த மொத வரிய மட்டும் அடிச்சிடுங்க."

"அதாம்மா உயிரே. அது இருந்தா யாரும் மேல ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"சொன்னது சொல்லிட்டேன். சொன்னது காத்தோட போயிடும். எழுதிட்டா இருந்துக்கினே இருக்குமே சார்."

அதிகாரி என்னைப் பார்த்தார். அத்தையும் என்னைப் பார்த்தார். ஒரு சொல்லுக்காக இ-சேவை மையத்தில் வரிசையையே நிறுத்தி வைத்தவள் நான். முதலாளி சொல்லச் சொன்ன பொய்யை ஆறு வருஷமாக வயிறெரியத் திட்டியவள். அந்த வரியை அடியுங்கள் என்று சொல்ல வேண்டியவள் நான்தான். வேலைக்குக் கடைசித் தேதி வெள்ளிக்கிழமை.

"போடுங்க அத்தை" என்றேன்.

அத்தை போட்டார். அவருக்கு எழுத்துக் கூட்டி எழுதத்தான் தெரியும். தன் பெயரின் ஐந்து எழுத்துகளையும் ஒவ்வொன்றாக, தாள் கிழிந்துவிடுமோ என்பது போல அழுத்தி எழுதினார்.

அதிகாரி போன பிறகு மறுபடி தறியில் உட்கார்ந்தோம். சேலையை அந்த வாரம் முடித்துத் தறியிலிருந்து அறுத்தாக வேண்டும். பத்துப் பதினைந்து தடவை நாடா ஓடியது. என்னால் அடக்க முடியவில்லை. வேலை கிடைத்த மாதிரிதான் என்ற சந்தோஷத்தைக்கூட அத்தை சொன்ன அந்த வார்த்தை தின்றுகொண்டிருந்தது.

"அத்தை, என்னை மனசுல அப்படித்தான் வெச்சிருந்தீங்களா?"

அவர் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

"அது எம் பேச்சு இல்லடி. எம் மாமியா பேச்சு. மாமா போனப்போ, பதினாறாம் நாளு, தெருவுல நிக்க வெச்சு என்னைச் சொன்னா. இதே வார்த்தை, ஒண்ணு வுடாம. கைக்குழந்தையோட நின்னுக்கினு இருந்தேன்."

நான் குனிந்து, அறுந்திருந்த ஒரு இழையை முடிந்தேன்.

"எம் புள்ள போனான் பாரு, அன்னிக்கு வாயில முந்தானைய வெச்சு அடைச்சிக்கினே இருந்தேனே, அழுவய அடக்கறேன்னு எல்லாம் நெனைச்சாங்க. அழுவ இல்லடி. எங்க இந்த வார்த்தை எனக்கும் வந்துடுமோன்னு பயம். அவ வாயிலேர்ந்து எங்காதுல வுழுந்தது, எங்கயும் போவலயே, உள்ளதானே இருக்குது. ஒங்கிட்ட மட்டும் சொல்லிடக் கூடாதுன்னு வெச்சிருந்தேன்."

"அப்ப இன்னைக்கு ஏன் அத்தை?"

"ஏன்னு கேட்டான் இல்ல அந்தாளு? மருமவள வெரட்டறதுக்கு இன்னா காரணம் சொல்லுவாங்க? எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்." நாடாவைத் தள்ளினார். "உடு. வேல வந்துடும் இல்ல?"

வந்தது. சான்றிதழ் தயார் என்று போனில் செய்தி வந்தது, நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள், இரண்டு மாதத்தில் உத்தரவும் வந்தது. அத்தை தெருவில் எல்லாருக்கும் சர்க்கரை கொடுத்தார். கொடுத்த பிறகுதான், துரத்திவிட்ட மாமியார் எதற்குச் சர்க்கரை கொடுக்கிறாள் என்று யாராவது கேட்டால் வம்பு என்று ஞாபகம் வந்து, பக்கத்து வீட்டு அம்மாள் கையில் கிண்ணத்தைத் திணித்துவிட்டு உள்ளே வந்துவிட்டார்.

பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம்தான். பிள்ளைகள் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் வாரம் அதைக் கேட்கக் கேட்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டாவது வாரம் தலைமை ஆசிரியை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நல்ல மாதிரி. குரல் தாழ்த்திப் பேசினார்.

"உங்க ஃபைல் வந்திருந்ததும்மா. விசாரணை அறிக்கையைப் படிச்சேன். எனக்கு அன்னைக்குத் தூக்கமே வரல. புள்ளைய முழுங்கினவன்னு எழுதிக் கொடுத்திருக்காங்களே, அவங்களும் ஒரு பொம்பளதானே? இப்படியும் ஒரு மாமியாரா?"

நான் மேஜை மேலிருந்த பூகோள உருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப அவங்க பக்கமே போறதில்லையே நீங்க?"

"இல்லைங்க மேடம்."

"நல்லது. தலைமுழுகிடுங்க."

"சரிங்க மேடம்."

வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பெயருக்கு முன்னால் என்ன போடுவார்கள், விதவையா, ஆதரவற்றவளா என்று மாசக் கணக்கில் புழுங்கினேனே, அந்தத் தாள் அத்தையை என்னவென்று சொல்கிறது என்று ஒரு நாளும் நான் பார்க்கவில்லை. மருமகளைத் துரத்திய கிழவி. சர்க்கார் தாளில், அவர் கையெழுத்தோடு. எனக்காவது என்ன வேண்டும் என்று அந்த இ-சேவைப் பெண் ஒரு வார்த்தை கேட்டாள்.

தலைமை ஆசிரியையிடம் போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் புறப்படுவேன். பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் கணக்கு மாறும். சொன்னால் வேலை போகும். பொய் வாக்குமூலம் கொடுத்ததற்கு அத்தையையும் கூப்பிடுவார்கள். அவருக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அதில் பாதி பொய். எனக்கு அந்த நாற்காலி பிடித்திருந்தது. அத்தையிடம் இதைச் சொல்லவும் மனசு வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் இன்னா சமைச்சீங்க, புள்ளைங்க சாப்ட்டாங்களா, முட்டை குடுத்தியா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். தலைமை ஆசிரியை எப்படி என்று கேட்டபோது, ரொம்ப நல்லவங்க, என் மேல பாசமா இருக்காங்க என்றேன். அதற்கு அத்தை சந்தோஷப்பட்டார்.

போன மாதம் ஒரு நாள் என் மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டேன். கண்ணாடி இல்லாமல் என்னால் பதிவேட்டில் ஒரு எழுத்து எழுத முடியாது. பன்னிரண்டரை மணிக்குப் பிள்ளைகள் தட்டுகளோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் தலைமை ஆசிரியை நின்று யாருடனோ பேசுவது கேட்டது. எட்டிப் பார்த்தேன். அத்தை. அந்த வெயிலில் நடந்தே வந்திருக்கிறார். முந்தானை நுனியில் என் கண்ணாடி முடிந்திருந்தது.

"நீங்க யாரும்மா? யாரைப் பார்க்கணும்?"

சமையல்கூடத்து வாசலில் நான் நின்றது பத்தடி தூரம்கூட இருக்காது. அத்தை என்னை ஒரு தடவை பார்த்தார். நான் எதையும் சொல்லியிருக்கவில்லை, கோப்பு இங்கே வந்ததையும் சொல்லவில்லை, தலைமை ஆசிரியை அதைப் படித்ததையும் சொல்லவில்லை. என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அதிலிருந்தே படித்துக்கொண்டார்.

"பக்கத்து வூடுங்க" என்றார். "இவங்க கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டாங்க. அதான் குடுத்துட்டுப் போலாம்னு."

பதினாலு வருஷத்தில் என்னை அவர் 'இவங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. முடிச்சை அவிழ்த்துக் கண்ணாடியை என் கையில் கொடுத்தார். விரல் பட்டது. நான் வாங்கிக்கொண்டேன்.

தலைமை ஆசிரியைக்கு மனம் இளகிவிட்டது. "பாருங்க, இந்த வெயில்ல, இந்த வயசுல. சொந்த மாமியார் செய்யாததைப் பக்கத்து வீட்டுக்காரங்க செய்றீங்க. நீங்க நல்லா இருக்கணும்மா."

"இருக்கட்டுங்க" என்றார் அத்தை. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். கேட்டைத் தாண்டி, புளிய மரத்தைத் தாண்டி, தெரு திரும்புகிற இடம் வரைக்கும் அவர் தெரிந்தார். அத்தை என்று நான் ஒரு குரல் கொடுத்திருந்தால் நின்றிருப்பார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளே போய், பிள்ளைகளுக்குச் சாதம் வைக்கச் சொன்னேன்.